ஃபியரோ கஃபே ரேஸருக்கு எந்த டேங்க்? ஃபைபரா, பழைய தகரமா?

காவேரிப்பட்டணம்_ஃபியரோ:

வணக்கம். வண்டி 2001 டிவிஎஸ் ஃபியரோ. ஓசூரில் செய்த வண்டியை அப்பா கிருஷ்ணகிரியில் வாங்கினார். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை, தர்மபுரியோடுதான் இருந்தது. அப்பா ஓட்டுவதை நிறுத்திய பிறகு வண்டி ஏழெட்டு வருடம் மாட்டுக்கொட்டகையில் கிடந்தது. மாங்காய் சீசனில் காலிக் கூடைகளை அதன் மேல்தான் அடுக்குவோம். ஸ்டாண்டு போட்ட வண்டி என்பதே மறந்துபோய், கூடை வைக்கிற திட்டு மாதிரி ஆகிவிட்டது.

போன வருடம் அதை வெளியே இழுத்து கஃபே ரேஸராக, அதாவது தாழ்ந்த ஹேண்டிலும் ஒற்றை சீட்டுமாகப் பழைய ரேஸ் பைக் தோற்றத்துக்கு, மாற்ற ஆரம்பித்தேன். இன்ஜின் வேலை முடிந்துவிட்டது. முன் ஃபோர்க்கிலேயே தாழ்வாகக் கவ்வுகிற கிளிப்-ஆன் ஹேண்டில் போட்டாயிற்று. பின்னால் ஒற்றை ஆள் சீட், திமில் வைத்தது. அம்மா பார்த்துவிட்டு, "நல்லா இருந்த வண்டியக் கழட்டி ஏணி மாதிரி ஆக்கிட்டான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிரச்சினை டேங்க். அசல் டேங்க் வெளியே பார்க்கப் பரவாயில்லை. மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே செம்மண் காடு. பின்பக்கம் அடித்தகடும் மேல்தகடும் சேரும் மடிப்பில் கசிவு இருக்கிறது. சோப்பைத் தேய்த்து இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன், சரிவரவில்லை.

கையில் மூன்று வழி இருக்கிறது. ஆன்லைனில் ஒரு ஃபைபர் டேங்க், 6,500 ரூபாய். நீளமாக, முட்டி பதிய இரண்டு பக்கமும் குழிவோடு, மேன்க்ஸ் நார்ட்டன் என்ற பழைய பிரிட்டிஷ் ரேஸ் பைக் பாணியில் படத்தில் அட்டகாசமாக இருக்கிறது. இரண்டாவது, கிருஷ்ணகிரியில் ஒரு காயலான் கடையில் பார்த்த பழைய இரும்பு டேங்க், 1,200 ரூபாய். எந்த வண்டியுடையது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. இடுப்பு ஒடுங்கி, மூக்கு நீண்டு, நான் மனதில் வைத்திருந்த உருவத்துக்குக் கிட்டத்தில் வருகிறது. இடது பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு நெளிவு. மூன்றாவது, அப்பா டேங்கையே சரிபண்ணுவது. ஆனால் அது உருண்டையாக இருக்கிறது, கிளிப்-ஆனுக்கு மேல் தொப்பை வைத்த மாதிரி தெரிகிறது.

வேலை ஓசூர் சிப்காட்டில். போக வர 120 கிலோமீட்டருக்கு மேல். வாரத்தில் இரண்டு நாளாவது இதில் போகவேண்டும் என்று ஆசை. எதை வாங்கலாம்?

ராயக்கோட்டை_பட்டறை:

தம்பி, டேங்கை எல்லாரும் மேலே இருந்து பார்த்துதான் ஆசைப்படுகிறார்கள். அதைக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள்.

அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். ஃபிரேமின் நடுக்குழாய் அதற்குள்தான் உட்காரும். பள்ளத்தின் அகலம், ஆழம், முன்னால் ரப்பர் புஷ் பிடிக்கிற இடம், பின்னால் போல்ட் வருகிற இடம், இந்த நாலும் ஒத்துவந்தால்தான் அது உங்கள் டேங்க். உங்கள் ஃபிரேமில் அட்டையை வைத்து அந்தப் பள்ளத்தின் வடிவத்தை வெட்டிக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் வந்த அட்டை நல்லது, மடங்காது. அதை எடுத்துக்கொண்டு காயலான் கடைக்குப் போங்கள். அட்டை உள்ளே போகிறதா, இடிக்கிறதா என்று கடையிலேயே தெரிந்துவிடும். வயரிங், ஹாரன், காயில் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்தான் ஒளிந்திருக்கும். அதற்கும் இடம் விடுங்கள்.

கிளிப்-ஆன் போட்டிருக்கிறீர்கள் என்றால் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். டேங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவே கட்டைவிரல் போகவேண்டும். என்னிடம் வந்த ஒரு பையன் வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போது கட்டைவிரல் நகம் போய்விட்டது. மூக்கு நீண்ட டேங்கில் இதுதான் தொல்லை.

அடுத்தது காக், டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற குழாய். உங்கள் வண்டிக்கு பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாகத்தான் இறங்கி கார்புரேட்டருக்குப் போகவேண்டும். காக்கின் வாய் கார்புரேட்டரைவிட உயரத்தில் இருக்கவேண்டும், டியூப் எங்கேயும் மேலே ஏறி இறங்கக் கூடாது. பள்ளம் நடுவில் இருப்பதால் டேங்கின் அடிப்பாகம் இரண்டு தொட்டியாகப் பிரிந்திருக்கும். காக் ஒரு பக்கம்தான். பெட்ரோல் தீர்ந்தால் நாம் வண்டியைச் சாய்த்து ஆட்டுகிறோமே, எதற்கு? அந்தப் பக்கம் தேங்கியதை இந்தப் பக்கம் ஊற்றத்தான். பள்ளம் ஆழமான டேங்க் என்றால் நிறையவே தேங்கும்.

மூடியில் காற்று போகிற ஓட்டை இருக்கிறதா என்றும் ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்றுக்குறைவு வந்து, பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் வண்டி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று சத்தம் வரும், மறுபடி ஓடும். இது தெரியாமல் கார்புரேட்டரை நாலு தடவை கழற்றியவர்கள் உண்டு.

தொப்பூர்_ஏற்றம்:

ஃபைபர் மட்டும் வேண்டாம் நண்பா. நான் தர்மபுரி, பட்ட அனுபவம் இது.

எனக்கும் அதே மாதிரி ஒரு டேங்க் வந்தது. முதல் மாதம் ஊரே திரும்பிப் பார்த்தது. இரண்டாவது மாதம் பெயின்ட்டில் அம்மை போட்ட மாதிரி கொப்புளம். நாலாவது மாதம் பெட்ரோல் போட நிறுத்தினால் மூடி திரும்பவில்லை. டேங்க் உப்பிப்போய் வாய் கோணிவிட்டது. பங்க் பையனும் நானும் சேர்ந்து திருகினோம், பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாயில் வண்டி இழுக்கவில்லை. அந்தச் சாலையில் ஓரமாக நிற்பது எவ்வளவு பயம் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தள்ளிக்கொண்டே டீக்கடை வரைக்கும் வந்தேன். மறுநாள் மெக்கானிக் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்குகிற ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றினால் உள்ளே தேன் மாதிரி பழுப்பாக ஒரு பசை. விரலில் எடுத்தால் நூல் இழுக்கிறது. பெட்ரோலை விட்டு நிறுத்துகிற நீடில் அந்தப் பசையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அது டேங்கின் பிசின், கரைந்து வந்திருக்கிறது.

காரணம் எத்தனால். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரண பாலியெஸ்டர் பிசினில் செய்த ஃபைபரை அது மெல்ல மெல்ல ஊறவைத்துக் கரைக்கும். எத்தனால் தாங்குகிற எபாக்ஸி, வினைல் எஸ்டர் வகைகள் இருக்கின்றன. ஆனால் விற்பவரிடம் என்ன பிசின் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டதற்கு "ஹெவி குவாலிட்டி சார்" என்று பதில் வந்தது.

இன்னொன்று, கீழே விழுந்தால் இரும்பு நெளியும், ஃபைபர் விரியும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் ஊற்றுவதை நினைத்துப் பாருங்கள். அலுமினியத்தில் கையால் செய்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்க நகை மாதிரி இருக்கும். ஆர்கான் வெல்டிங் நன்றாகத் தெரிந்த கை வேண்டும், விலையும் நகை மாதிரிதான்.

அரூர்_புளி:

இரும்பு டேங்க் எதுவானாலும் உள்ளே துருவை எடுக்க எங்கள் ஊர்ப் புளி போதும். சிரிக்காதீர்கள். குத்துவிளக்கு தேய்க்கிறோம் இல்லையா, அதே அமிலம்தான். பழைய கறுப்புப் புளி இரண்டு கிலோவை வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, காக் இருந்த ஓட்டையை அடைத்துவிட்டு வாய் வரைக்கும் ஊற்றினேன். நடுநடுவே ஒரு கைப்பிடி நட்டு போட்டுக் குலுக்கினேன். இரண்டு நாளில் தகரம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. கொட்டிய தண்ணீர் மைக்கூடு மாதிரி கறுப்பு. நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். என்னுடையதில் ஒன்று இன்னமும் உள்ளே உருள்கிறது, பிரேக் அடித்தால் டொக்கென்று கேட்கும்.

ராயக்கோட்டை_பட்டறை:

புளி வேலை செய்யும், மெதுவாகச் செய்யும். ஆனால் கழுவிய பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். அலசியவுடனே ஹேர் டிரையர் போட்டுக் காயவையுங்கள். அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள் உள்ளே மறுபடி செம்மை பூத்துவிடும். காய்ந்ததும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி உருட்டி வையுங்கள்.

பலபேர் துருவின் மேலேயே கோட்டிங் ஊற்றிவிடுகிறார்கள். அது ஆறு மாதத்தில் வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்து காக்கின் வாயை அடைக்கும். ஊற்றுவதாக இருந்தால் சுத்தமாகத் துரு எடுத்து, எண்ணெய்ப்பசை இல்லாமல், எத்தனால் தாங்கும் என்று போட்டிருக்கிற இரண்டு பாக எபாக்ஸிதான்.

வெல்டிங் மட்டும் வீட்டில் வேண்டாம். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும். நாங்கள் சோப்புத்தூள் வெந்நீரில் மூன்று தடவை கழுவி, ஓட்டை இருக்கிற இடம் மட்டும் மேலே தெரிகிற மாதிரி தண்ணீர் நிரப்பி வைத்துத்தான் நெருப்பைக் கிட்டே கொண்டுபோவோம்.

ஆர்சி_புத்தகம்:

யாரும் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்திலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. நிறம் ஆர்.சி.யில் இருக்கும், மாற்றினால் பதிவு செய்யவேண்டும். உங்கள் வண்டி 15 வருடம் தாண்டியது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டியாகவேண்டும். பெயின்ட் அடிப்பதற்கு முன்னாலேயே போய்க் கேட்டுவிடுங்கள். பழைய டேங்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

காவேரிப்பட்டணம்_ஃபியரோ:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆனது, நடந்ததைச் சொல்கிறேன்.

ஃபைபரை விட்டுவிட்டேன். தொப்பூர் அண்ணனின் ஃப்ளோட் கிண்ணத்தைப் படித்த பிறகு அந்தப் படத்தைப் பார்த்தாலே பசை நாற்றம் வருகிறது.

அட்டையை வெட்டிக்கொண்டு காயலான் கடைக்குப் போனேன். கடைக்காரர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அட்டை முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. பள்ளம் 11 மில்லிமீட்டர் குறுகல். பேரம் பேசி 900 ரூபாய்க்கு முடித்து, ராயக்கோட்டைப் பட்டறைக்கே பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் காலி டேங்கா என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார்.

பட்டறை அண்ணன் பள்ளத்தை முழுசாக அறுத்து எடுத்துவிட்டு 20 கேஜ் தகட்டில் அகலமாகப் புதுசு மடித்து வைத்தார். முன் புஷ் பிடிக்கிற கிண்ணங்களை அப்பா டேங்கில் இருக்கிற அளவிலேயே புதுசாகச் செய்து இதில் பற்றவைத்தார். நெளிவை உள்ளே இருந்து கம்பி விட்டுத் தட்டி முக்கால்வாசி எடுத்துவிட்டார். மீதியைப் பட்டி போட்டு மறைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், மெல்லிசாக ஒரு குழிவு தெரிகிறது, இருக்கட்டும். டேங்கும் கூலியும் சேர்த்து ஃபைபர் விலையைவிடக் கொஞ்சம் கூடவே ஆகிவிட்டது, அதையும் சொல்லிவிடவேண்டும்.

கசிவு பார்க்க ஒரு லிட்டர் பாட்டிலால் எண்ணி எண்ணித் தண்ணீர் ஊற்றினோம். ஒன்பது பாட்டில் பிடித்தது. காக் வழியாக வடித்தால் ஏழரைதான் வந்தது. ஒன்றரை லிட்டர் அந்தப் பக்கமே உட்கார்ந்துவிட்டது. என் வண்டி கொடுக்கிற 45-க்கு அது 67 கிலோமீட்டர், காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூர் போய்ச் சேருகிற பெட்ரோல். அதனால் அந்தப் பக்கமும் அடியில் ஒரு வாய் வைத்து, இரண்டு பக்கத்தையும் கீழே டியூபால் இணைத்தாயிற்று. இப்போது ஒன்பதும் வருகிறது. டேங்கைக் கழற்றும்போது அந்த டியூபைக் கிள்ளிப் பிடிக்க மறந்தால் பேன்ட் நனையும், முதல் நாளே நனைந்தது.

கட்டைவிரலும் போகிறது, வலது பக்கம் மட்டும் கொஞ்சம் நெருக்கம். ஹேண்டில் திரும்புவதைத் தடுத்து நிறுத்துகிற ஸ்டாப்பரில் ஒரு சின்னத் துண்டு வெல்டு வைத்துச் சரிசெய்தோம். திருப்பும் வட்டம் பெரிதாகிவிட்டது. எங்கள் தெருவில் ஒரே மூச்சில் திருப்ப முடியாது, ஒருமுறை பின்னால் தள்ளவேண்டும். லண்டன்காரன் காப்பிக்கடைக்குக் காப்பிக்கடை ரேஸ் விட்டான், நான் டீக்கடையில் வண்டி திருப்பவே இரண்டு முயற்சி.

அம்மா வந்து தடவிப் பார்த்துவிட்டு, இதன் மேல் கூடை நிற்காதே என்றார்.

இனி பெயின்ட்தான் பாக்கி. ஆர்.சி.யில் இருக்கிற அதே மெரூன் அடிக்கலாம் என்று முடிவு. அப்பா டேங்க் வெயிலில் வெளுத்து எந்த நிறம் என்றே சொல்ல முடியாமல் கிடந்தது. சீட்டின் மூக்கு மூடியிருந்த இடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு 2001-இல் வந்த அசல் நிறம் அப்படியே இருக்கிறது. டேங்கைப் பத்திரமாக வைக்கச் சொன்னதால் வெட்டவில்லை. நாளைக்கு முழு டேங்கையும் தூக்கிக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போகிறேன், அந்த இரண்டு விரல் அகலத்தைக் காட்டிக் கலக்கச் சொல்ல. மேலே அடிக்கிற கிளியர் பூச்சு, பெட்ரோல் சிந்தினால் உரியாத இரண்டு பாக வகையா என்று கேட்டு வாங்கவேண்டும் என்பது தெரியும். வேறு ஏதாவது கேட்கவேண்டுமா அண்ணா?

ராயக்கோட்டை_பட்டறை:

மூடியின் வாயைச் சுற்றி மட்டும் ஒரு கை கூட அடிக்கச் சொல்லுங்கள் தம்பி. பங்கில் சிந்துவது அங்கேதான்.