புதுப்பிப்பு: பிரிட்ஜ் மோடமும் நிலையான ஐபியும், ஒருமாதிரி சரிவந்திட்டுது

போன கிழமை கேட்டிருந்தன்: வெள்ளவத்தைக் கடையில டீஎஸ்எல் (தொலைபேசிக் கம்பியில வாற இன்டர்நெட்) மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (மோடம் சிக்னலை மட்டும் கடத்தி, மிச்ச வேலையை ரவுட்டருக்கு விடுற முறை) மாத்தின பிறகு, காசு கட்டி எடுத்த /29 ஐபி (8 நிலையான முகவரி உள்ள தொகுதி) ஒண்டும் ரவுட்டரில எடுபடேல்லை எண்டு. நேற்று இரவு சரிவந்திட்டுது.

பிழை என்ர பக்கம்தான். ரவுட்டரின்ர வான் (WAN, வெளி இன்டர்நெட்) பக்கத்தில 'ஸ்டாட்டிக்' எண்டு போட்டு ஐபியைக் கையால அடிச்சு வச்சிருந்தன். எங்கட இணைப்பு பிபிபிஓஇ, அதாவது லொகின் பண்ணி எடுக்கிற வகை. பிரிட்ஜ் பண்ணினால் மோடம் டயல் பண்ணாது, யூசர்நேம் பாஸ்வேர்ட் குடுத்து ரவுட்டர்தான் டயல் பண்ணோணும். அந்த இணைப்புக்குள்ளாலதான் /29 வந்து சேருது. 8 முகவரியில முதலும் கடைசியும் கழிய 6. ஒண்டு ரவுட்டருக்கு, ஒண்டு சிசிடிவி பெட்டிக்கு, ஒண்டு பில் சேர்வருக்கு. மிச்சம் சும்மா கிடக்குது.

மோடத்தில 'இன்டர்நெட்' லைட் எரியேல்லை எண்டு ரெண்டு நாள் மண்டையைப் பிச்சுக்கொண்டிருந்தன். பிரிட்ஜில அது எரியாதாம்! டீஎஸ்எல் லைட் விட்டுவிட்டு மின்னாமல் நிண்டால் காணும்.

பிறகும் சில தளங்கள் பாதியில நிண்டுது. பிபிபிஓஇ ஒவ்வொரு பக்கெட்டிலயும் 8 பைட் எடுக்குதெண்டு எம்டியூவை (ஒரு பக்கெட்டின்ர உச்ச அளவு) 1500இல இருந்து 1492 ஆக்கினன், ஓடுது.

மோடத்தை ரீசெட் பண்ணச் சொன்ன அண்ணாவுக்கு: பண்ணினன். இருந்த 8/35 (டீஎஸ்எல் லைனுக்கான விபிஐ/விசிஐ எண்) செட்டிங்கும் போய், அதைத் தேடி அடிக்கவே ஒரு மணித்தியாலம் போச்சு.