ஏடிஏ என்சைம் குறைவு: எதிர்ப்புச் சக்திக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

குட்டிம்மாவின் அம்மா:
மகளுக்கு நாலு மாசம். வாயில் வெள்ளைப் படலம், மருந்து தடவியும் போகவில்லை. இப்போது இரண்டாவது தடவையாக நிமோனியா. லிம்போசைட் (நோயோடு போராடும் வெள்ளையணு) ரொம்பக் குறைவு என்று ஏடிஏ (அடினோசின் டிஅமினேஸ்) என்சைம் டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். என்சைம் என்றால் செரிமானத்துக்கு என்றுதான் நினைத்திருந்தேன். மாசமாக இருந்தபோது நான் சரியாகச் சாப்பிடாததால் வந்ததா?

மழைத்துளி:
தங்கச்சி, அந்தக் கடைசிக் கேள்வியை முதலில் மனசிலிருந்து எடுத்துவிடு. நானும் அதையே கேட்டு அழுதவள். சாப்பாட்டால் வருவதில்லை இது. அப்பா அம்மா இருவரிடமும் பழுதான ஜீன் ஒவ்வொன்று இருக்கும், நமக்கு ஒன்றும் செய்யாது. இரண்டும் பிள்ளைக்குப் போனால்தான் நோய். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

செல்லுக்குள் டிஎன்ஏ சிதையும்போது டிஆக்ஸிஅடினோசின் என்று ஒரு கழிவு வரும். அதை மாற்றி வெளியேற்றுவது ஏடிஏவின் வேலை. அது இல்லாவிட்டால் கழிவு தேங்கி விஷமாகிவிடும். அதில் முதலில் சாவது லிம்போசைட்தான்: டி, பி, என்கே என்ற அதன் வகைகள் எதுவும் தப்பாது. என் மகனின் எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்து, நெஞ்சின் மேல்பக்கம் விரல் வைத்து, "இந்த வயசுல இங்க தைமஸ் நிழல் தெரியணும்மா" என்றார். டி லிம்போசைட் வளர்கிற சுரப்பிதான் தைமஸ். அங்கே ஒன்றுமே இல்லை.

இந்தத் தொடர்பே 1972இல்தான் தெரியவந்தது. 1990இல் முறையான அனுமதியோடு ஜீன் சிகிச்சையை முதலில் செய்து பார்த்ததும் இந்த நோய்க்குத்தான். மகனுக்கு முதலில் என்சைம் ஊசி, பிறகு எலும்பு மஜ்ஜை மாற்று. இப்போது ஆறு வயது, சைக்கிள் ஓட்டுகிறான்.

ரிசல்ட் வரும்வரை பிசிஜி, போலியோ சொட்டு, ரோட்டா போன்ற உயிருள்ள தடுப்பு மருந்து எதையும் மகளைப் பார்க்கிற டாக்டரைக் கேட்காமல் கொடுக்க விடாதே.

லேப்காரன்:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. இதைப் பெரும்பாலும் சிவப்பணுவில்தான் அளப்போம். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால், கொடுத்தவருடைய ஏடிஏவும் சேர்ந்து நார்மல் என்று காட்டிவிடும். அப்படியானால் ஜீன் டெஸ்ட் கேளுங்கள். இனிமேல் ஏற்றினாலும் கதிர்வீச்சு கொடுத்த ரத்தம்தானா என்று விசாரியுங்கள் அம்மா.

குட்டிம்மாவின் அம்மா:
போன செவ்வாய்க்கிழமை ரத்தம் ஏற்றினார்கள். டெஸ்ட்டுக்கு எடுத்தது வியாழக்கிழமை. ரவுண்ட்ஸ் வருவதற்குள் இரண்டு தேதியையும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.