ஈறில் இரத்தம், ஆடும் பல்: தந்தைக்கு என்ன செய்யலாம்?

கேள்வி (மோல்மீன்):
வணக்கம். என் தந்தைக்கு 62 வயது. சர்க்கரை நோயும், புகையிலை சேர்த்து வெற்றிலை போடும் பழக்கமும் உண்டு. கீழ்வரிசை முன்பற்களின் உட்புறம் கருஞ்சிவப்பாகக் காறை படிந்திருக்கிறது. துலக்கினால் இரத்தம் கசிகிறது, ஒரு பல் இலேசாக ஆடுகிறது. காறையை எடுத்தால் பல் விழுந்துவிடும் என்று உறவினர்கள் சொல்வதை நம்பி, மருத்துவரிடம் வர மறுக்கிறார்.

மறுமொழி 1 (ரங்கூன்):
அந்த அச்சம் தவறானது. பல்லை ஆட வைப்பது சுத்தம் செய்வதன்று. காறையில் தங்கும் கிருமிகளால் ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதுதான். காறையை எடுத்ததும் வீக்கம் வற்றிப் பல்லிடுக்கு அகன்று தெரிவதால், சிகிச்சையே கெடுத்ததுபோல் தோன்றும். ஈறு அழற்சி மட்டுமென்றால் முழுமையாகக் குணமாகும். கரைந்த எலும்போ பெரும்பாலும் தானாக மீளாது. ஆகவே தாமதிக்க வேண்டாம். இறுகிய காறை தூரிகைக்கு வராது என்பதால், ஈறுக்கு அடியிலும் மருத்துவரே சுரண்டி எடுக்க வேண்டும்.

மறுமொழி 2 (தட்டோன்):
சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு எளிதில் ஆறாது. ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் ஏறும். இரண்டையும் சேர்த்தே கவனியுங்கள். மென்மையான தூரிகையால் தினம் இருமுறை, ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் சாய்த்துத் துலக்கட்டும். இரத்தம் வருகிறதென்று நிறுத்தக் கூடாது. பல்லிடுக்குகளுக்குச் சிறு இடுக்குத் தூரிகை வேண்டும். குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிக்கொல்லி கொப்பளிப்பு நீரை மருத்துவர் சொன்ன நாள்வரை மட்டும் பயன்படுத்துங்கள். நீடித்தால் பல்லில் கறை படியும்.

மறுமொழி 3 (ரங்கூன்):
பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்குக் காரணமாகின்றன. வாயினுள் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாயை அகலத் திறக்க முடியாமை ஆகியவை இருக்கின்றனவா என்றும் அதே நாளில் பார்க்கச் சொல்லுங்கள்.