போன் ஹெட்செட் மைக் டெஸ்க்டாப்பில் எடுக்கவில்லை

பாட்டுடீச்சர்:
வெளியூர் மாணவிகளுக்கு வர்ணம் பாடிப் பதிவு செய்து மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். விண்டோஸ் 10 டெஸ்க்டாப். போன் ஹெட்செட்டைப் பிங்க் துளையில் செருகினால் மைக் எடுப்பதே இல்லை. பச்சையில் சத்தம் மட்டும் கேட்கிறது. மருமகன் லேப்டாப்பில் அதே ஹெட்செட் நன்றாக வேலை செய்கிறது. அதில் பதிந்த ஐந்து நிமிட வேவ் கோப்போ, ஜிமெயிலில் இணைப்பாகப் போகாமல் டிரைவுக்குத் தாவுகிறது. என்ன செய்யலாம்?

சால்டரிங்:
மேடம், பின்னைப் பாருங்கள், மூன்று கறுப்பு வளையம் இருக்கும். காதுக்கும் மைக்குக்கும் ஒரே பின். டெஸ்க்டாப்பில் இரண்டுக்கும் தனித்தனித் துளை. ‘மைக் ஹெட்போன் ஸ்ப்ளிட்டர்’ என்று கேட்டு வாங்குங்கள். ஒரு ஹெட்போனை இரண்டாக்கும் ஸ்ப்ளிட்டரும் பார்க்க அதே மாதிரிதான், கடைக்காரர் அதை எடுத்துத் தந்துவிடப் போகிறார். அப்புறம், செட்டிங்ஸ், பிரைவசியில் மைக்ரோபோன் அனுமதியையும் பாருங்கள்.

எம்பி3பிரியன்:
ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. ஜிமெயில் வரம்பே 25தான். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் நிமிடத்துக்கு அரை எம்பிகூட வராது. பாடம் சொல்ல அது தாராளம்.

பாட்டுடீச்சர்:
சரி, ஸ்ப்ளிட்டர் வந்துவிட்டது, மைக் எடுக்கிறது. ஆனால் தம்புரா முதல் சில நொடி கேட்டுவிட்டு மங்கிப்போகிறதே?

சால்டரிங்:
நாய்ஸ் சப்ரஷன் வேலை. விடாமல் ஒரே சீராக ஒலிப்பதால் தம்புராவை மின்விசிறி இரைச்சல் என்று எண்ணி அழிக்கிறது. ரெக்கார்டிங் பட்டியலில் மைக்கின் பிராப்பர்ட்டீஸ், என்ஹான்ஸ்மென்ட்ஸ் போய் அதை அணைத்துவிடுங்கள்.