ஜாவ்ஜியா யூனிகோடா? சின்னப் பெயர்களில் மாட்டிக்கொண்டேன்
வணக்கம். ரங்கூனில் எங்கள் கோயில் அன்னதானப் பட்டியலைச் சரிசெய்கிறேன். பெயர்கள் பர்மிய எழுத்தில் இருக்கின்றன. 2019 அக்டோபரில் நாடு அதிகாரப்பூர்வமாக யூனிகோடுக்கு (உலகப் பொது எழுத்துக் குறியீட்டு முறைக்கு) மாறியது. அதற்கு முன் அடித்தவை பெரும்பாலும் ஜாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு முறையில். ஒரே கோப்பில் இரண்டும் கலந்து கிடக்கின்றன.

ஏஐ உதவியாளரை வைத்து, டெர்மினலில் ஓடும் சின்னக் கருவி ஒன்று எழுதினேன். அது பயன்படுத்தும் கூகுளின் மியான்மார் டூல்ஸ் என்ற நிரல்தொகுப்பு, ஓர் உரை ஜாவ்ஜியாக இருக்கும் வாய்ப்பை 0 முதல் 1 வரை எண்ணாகச் சொல்லும். 0.5-ஐத் தாண்டினால் யூனிகோடுக்கு மாற்றும்படி ஏஐ எழுதிவிட்டது. நீளமான முகவரிகள் அருமையாக வருகின்றன, இரண்டெழுத்துப் பெயர்கள்தான் சிக்கல். நம் ஒற்றைக்கொம்பு மாதிரி பர்மியத்திலும் ஒரு குறி உண்டு. ஜாவ்ஜியில் அது எழுத்துக்கு முன்னால் பதிவாகும். யூனிகோடில், தமிழைப் போலவே, பின்னால். ஏற்கெனவே யூனிகோடில் இருந்ததையும் கருவி மாற்றியதால், வருடம் தவறாமல் அரிசி கொடுக்கும் ஒரு பாட்டியின் பெயர் புள்ளி வட்டத்தோடு உடைந்து நிற்கிறது. மனசு கேட்கவில்லை.

பெயரைத் தனியாகப் பார்க்காமல் முகவரியோடு சேர்த்துச் சோதிக்கலாமா? 0.05-க்கும் 0.95-க்கும் நடுவில் விழுபவற்றைத் தொடாமல் தனிக் கோப்பில் ஒதுக்கினால் போதுமா? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மூலக் கோப்பு பத்திரமாக இருக்கிறது.