பைபர் போட், ஏணி, தூண்டில் தடி: திருகோணமலைக்காரர் அனுபவங்கள்

திருக்கடலூர், போட் திருத்தும் வேலை

பைபர் போட் என்றதும் எல்லோரும் சொல்வது “அது உக்காது” என்பதுதான். கண்ணாடி இழையையும் ரெசின் என்ற இறுகும் பசையையும் சேர்த்து வார்ப்பதுதான் பைபர் போட். அவை உக்காது, உண்மை. ஆனால் எங்கள் கரையில் ஓடும் 18 அடி போட்டுகள் பலவற்றில், எஞ்சின் பூட்டும் பின்பக்கத்துக்குள் பிளைவுட் பலகை இருக்கிறது. போல்ட் துளையால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கினால் வெளியே பளபளப்பாகவே இருக்கும், உள்ளே பலகை புட்டு மாதிரி உதிரும். பழைய போட் வாங்கப் போகிறவர்கள் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், ஊறிய இடம் மொத்தென்று கேட்கும். தட்டிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

2004 சுனாமிக்குப் பிறகு கரைக்கு வந்த போட்டுகளில் நல்லவையும் இருந்தன, அவசரத்தில் வார்த்தவையும் இருந்தன. வெட்டித் திறந்தால் தெரியும்: மேட் (கண்ணாடி இழை விரிப்பு) படை குறைவு, ரெசின் கூட, நடுவில் காற்றுக் குமிழ். ரெசினை அள்ளி ஊற்றினால் பலம் கூடும் என்று இன்றும் நினைக்கிறார்கள். பலம் இழையில்தான். ரெசின் அந்த இழைகளைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். இழை இல்லாமல் ரெசின் மட்டும் தடித்த இடம் அலை அடியில் வெடிக்கும். அதனால்தான் குமிழை அழுத்தி வெளியேற்றும் ரோலரைப் பிடிக்கிறவரின் பொறுமையைப் பார்த்து வேலை கொடுங்கள் என்கிறேன்.

வெடிப்பின் மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடிப்பது திருத்தம் ஆகாது. உறுதியான பகுதி வரும்வரை கிரைண்டரால் சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிப்பு ஒரு பங்கு என்றால் சரிவு 12 பங்கு நீளம் இருந்தால் நல்லது. அசிட்டோனால் துடைத்து, அதன்மேல் படை படையாக மேட் வைக்க வேண்டும். இங்கேதான் எங்கள் ஊரின் சிக்கல். ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரை கடல் கொந்தளிப்பு, போட்டெல்லாம் கரையில். திருத்த நேரம் கிடைப்பதும் அப்போதுதான், மழை கொட்டுவதும் அப்போதுதான். ஈரத்தின் மேல் வைத்த மேட் ஒட்டியது போல இருந்துவிட்டுக் கடலுக்குள் உரியும். கூரைக்குள் இழுத்து, முழுதாகக் காய்ந்த பிறகே தொடுங்கள்.

ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் 1 முதல் 2 சதவீதம் போதும், அதாவது ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம். கெதியாக இறுகட்டும் என்று கூட்டினால் வாளியே சூடாகிப் புகையும். இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்டையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். கோபால்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் ஹார்ட்னர். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே தண்ணீரால் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகு ஆஸ்பத்திரி. கண்ணாடி போடாமல் எந்தப் பெடியனையும் நான் வேலைக்கு விடுவதில்லை.

சாம்பல்தீவு

அண்ணா எழுதியதோடு வீட்டுப் பக்கத்தையும் சேர்க்கிறேன். என் கணவரும் இதே வேலைதான். அவர் உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு ஊற வைத்தால் அதிலுள்ள இழைத் தூசியால் எல்லோருக்கும் கடி. உதறி, தனியாகத் தோய்க்க வேண்டும். உடம்பில் பட்டால் தேய்க்கவே கூடாது, இழை இன்னும் உள்ளே ஏறும். குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள், குத்தி நிற்பதை ஒட்டு டேப்பால் எடுக்கலாம். ரெசின் வாளியைக் குசினிப் பக்கம் வைக்காதீர்கள். அந்த மணம் தலைவலி தரும், நெருப்பும் சட்டென்று பிடிக்கும்.

உப்புவெளி, வயரிங் வேலை

எனக்கு பைபர் என்றால் ஏணி. அலுமினிய ஏணி பாரம் குறைவு, ஆனால் மின்சாரம் பாயும். கண்ணாடி இழை ஏணியில் பாயாது. அதுவும் காய்ந்து, சுத்தமாக இருக்கும்வரைதான். உப்புக்காற்றில் நின்ற ஏணியைத் துடைக்காமல் லைன் பக்கம் கொண்டுபோக மாட்டேன். வெயிலில் கிடந்து மேற்பூச்சுப் போய், கையில் இழை குத்தத் தொடங்கினால் அதைக் கவனிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

காபன் பைபர் (கரி இழை) இதற்கு நேர் எதிர். அது மின்சாரத்தைக் கடத்தும். இறங்குதுறையில் ஒரு தம்பி நீளமான காபன் தூண்டில் தடியை வயருக்குக் கீழே நிமிர்த்திப் பிடித்திருந்தார். “பிளாஸ்டிக் தானே அண்ணா” என்றார். கறுப்பாக, இலேசாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. தயவுசெய்து மின்கம்பி இருக்கும் இடத்திலும் இடி முழக்கத்திலும் அந்தத் தடியைத் தூக்காதீர்கள்.

நிலாவெளி

என் தமையனுக்குச் செயற்கைக் கால். முன்பு ரப்பர் பாதம், இப்போது உள்ளே காபன் பைபர் தகடு உள்ள பாதம். ஊன்றும்போது தகடு வளைகிறது, காலை எடுக்கும்போது நிமிர்ந்து முன்னே தள்ளுகிறது. தார் ரோட்டில் நடக்கும்போது களைப்புக் குறைவு என்கிறார். விலைதான் எல்லோருக்கும் எட்டாது, அது எனக்குப் பெரிய வருத்தம். காபன் துருப்பிடிக்காது. ஆனால் உப்பு ஈரம் பட்டால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் கெதியாக அரிக்கும். கடற்கரைக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைக்கிறோம். ஒரு கேள்வி: எங்கள் கரையில் கைவிட்ட போட்டுகளை எரிக்கிறார்கள். வேறு வழி இல்லையா?

திருக்கடலூர்

எரிக்க விடாதீர்கள். கரும்புகை நச்சு, எரிந்த பிறகும் கண்ணாடி இழை மணலில் கிடக்கும். உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது, இது ஒருமுறை இறுகினால் இறுகியதுதான். உடல் நன்றாக இருந்தால் பின்பலகையை மட்டும் மாற்றி ஓட்டலாம். முடியாவிட்டால், முகமூடி போட்டு, தண்ணீர் தெளித்துத் தூசி அடக்கி வெட்டுங்கள். அடிப்பகுதி மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாகும், பக்கத் துண்டுகள் மீனவர் வாடிக்குத் தட்டி மறைப்பாகும். வெட்டிய விளிம்புக்கு ஒரு கை ரெசின் பூசிவிடுங்கள், குத்தாது.