புதுப்பிப்பு: கெமிஸ்ட்ரியோட பி.காமும் சேர்த்துப் படிக்கலாமான்னு கேட்டிருந்தேன்ல

தங்கச்சி பி.எஸ்சி கெமிஸ்ட்ரி படிச்சுக்கிட்டே தபால்ல பி.காமும் பண்ணலாமா, வேலைக்கு உதவுமான்னு முன்னாடி கேட்டிருந்தேன், பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 2022லயே யூஜிசி ஒரே நேரத்துல ரெண்டு டிகிரிக்கு ஓகே சொல்லிட்டாங்க, அதனால இக்னோவுல சேர்த்தாச்சு.

இப்ப அவளுக்கு ஒரு மருந்துக் கம்பெனி பர்ச்சேஸ் டீம்ல இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு!! இன்டர்வியூல கேட்டது இதுதான், ஒரு ரியாக்‌ஷன்ல ஈல்டு (கணக்குப்படி கிடைக்க வேண்டியதுல நிஜமா கிடைக்கிற பங்கு) 80லேர்ந்து 70 சதவீதமா இறங்கினா ஒரு கிலோ மருந்துக்கு மூலப்பொருள் செலவு எவ்ளோ கூடும்னு. பத்துன்னு சொல்லத் தோணும், ஆனா 80ஐ 70ஆல வகுத்தா 1.14, அதாவது கிட்டத்தட்ட 14 சதவீதம் கூடுது, அத சொல்லிட்டு சால்வென்ட் (கரைப்பான்) செலவும் சேர்ந்து ஏறும்னு இவ சொன்னது அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். கெமிஸ்ட்ரி மட்டும் தெரிஞ்சாலோ கணக்கு மட்டும் தெரிஞ்சாலோ இந்தப் பதில் வராதுங்க.

இன்னொண்ணு, பேடன்ட் ஏஜென்ட் (மத்தவங்க கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை விண்ணப்பம் பண்ணித் தர்றவர்) எக்ஸாம். அதுக்கு சயின்ஸ் இல்லாட்டி இன்ஜினியரிங் டிகிரி கட்டாயம், வெறும் பி.காம் வச்சு எழுத முடியாது. என்னைக் கேட்டா எம்பிஏக்கு ஓடுறதுக்கு முன்னாடி இதப் பாக்கலாம். எழுதினவங்க யாராச்சும் இருந்தா எப்படிப் படிச்சீங்கன்னு சொல்லுங்களேன், அவ இப்பவே ஆரம்பிக்கணும்னு நிக்கிறா.